ஒன்பதாம் தேதி மழை

இந்தக் கதைக்குக் காகிதமும் பேனாவும் வேண்டாம். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டால் போதும், விடை கதைக்குள்ளேயே இருக்கிறது.

தெற்கே ஒரு மலையடிவாரத்தில் தேனோடை அணை என்று ஒன்று. உயரம் ஐம்பது அடி. மலையில் பெய்கிற மழை அணைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அணைக்குக் கீழே, ஆற்றின் நடுவில், தாழைத்திட்டு என்ற ஊர். நாற்பத்திரண்டு வீடுகள், வெளியே வர ஒரே ஒரு தரைப்பாலம். ஷட்டர்களை முழுக்கத் திறந்தால் அரைமணி நேரத்தில் பாலம் முழுகிவிடும். அதனால் திறப்பதற்கு முன் மூன்று முறை சங்கு ஊதுவார்கள். ஊரே ஆடு மாடோடு கரையேறிவிடும்.

போன வருஷம் பயந்துபோய் முன்கூட்டியே திறந்துவிட்டார்கள். மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் கடலுக்குப் போனது, கடைமடையில் நெல் கருகியது. அந்தக் கோபம் ஆறாமல் இருந்த விவசாயிகளிடம் இந்த வருஷம் செயற்பொறியாளர் ரெஜினா ஒரு வாக்குக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் சொல்லாம ஷட்டர்ல கை வைக்க மாட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டர் திட்டத்தைச் செய்தவர் சென்னையிலிருந்து வந்த கிருபாகரன். மழையளவைக் கொடுத்தால் போதும். ஆற்றையும் அணையையும் உள்ளுக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்த்து, எந்த மணிக்கு எத்தனை அடி நிற்கும் என்று சொல்லிவிடும். இருபது வருஷப் பதிவேட்டையும் படம்பிடித்துக்கொண்டு போய்த்தான் அதைச் செய்தார். புறப்படும்போது, பதிவேடு எழுதும் இசக்கிப்பாண்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல இருக்கிற தேதியெல்லாம் சரிதானே?"

"அச்சு அசலா சரி, சார்."

இசக்கிப்பாண்டி ஒன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். மலைமேல் இருக்கும் மழைமானியை அளந்துவிட்டு அணைக்கு இறங்கி வருவது அவர் வேலை. நிரந்தர ஆணை அடுத்த மாதம் வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

கார்த்திகை மாதம். அன்று ஒன்பதாம் தேதி. வழக்கம்போலக் காலை எட்டு மணிக்கு அளந்து, எட்டரைக்கு அலுவலகத்துக்குச் சொன்னார். "ஒன்பதாம் தேதி மழை, பதினாலு சென்டிமீட்டர்." அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நாளை மாலை ஐந்து மணிக்கு அணை நிரம்பும் என்றது அது. ரெஜினா நிம்மதியாக நாளைக் காலைக்குக் கூட்டம் வைத்தார்.

பன்னிரண்டரைக்கு இசக்கிப்பாண்டி போன் செய்தார்.

"மேடம், காலைல இருந்து ஒன்னேகால் அடி ஏறிட்டு. தண்ணியும் செவந்து வருது. இன்னைக்குச் சாயங்காலமே நெறஞ்சிரும்."

"எப்படிங்க? பதினாலு சென்டிமீட்டர் இன்னைக்குப் பெய்யற மழை. வந்து சேர நாளைக்கு ஆகும்."

"நேத்துல்லா மேடம் பெஞ்சுது. மத்தியானத்துல இருந்து பொழுதடையுற வரைக்கும் பெஞ்சுது. நான் நனைஞ்சேன்லா."

ரெஜினா திரையைப் பார்த்தார். எட்டாம் தேதிக்கு நேரே இரண்டு சென்டிமீட்டர் என்று இருந்தது. கிருபாகரனைக் கேட்டார். அவர் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "கணக்குல ஒரு தப்பும் இல்ல மேடம்" என்றார். கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது. உத்தரவு போகவில்லை.

உத்தரவில்லாமல் ஷட்டரைத் தொடக் கூடாது, சங்கும் ஊதக் கூடாது. இசக்கிப்பாண்டி ஷட்டரைத் தொடவில்லை. ஒரு மணிக்குச் சங்கை மட்டும் மூன்று முறை ஊதினார்.

தாழைத்திட்டு கரையேறியது. இரண்டு மணியாயிற்று, மூன்றாயிற்று, தண்ணீரைக் காணோம். வெயில்கூட அடித்தது. நாலு மணிக்குப் பேச்சியம்மாள் என்பவர் இரண்டு ஆடுகளோடு அணைக்கே வந்துவிட்டார். "எவம்ல சங்க ஊதுனது? சோத்தப் பாதில போட்டுட்டு ஓடியாந்தோம். நாங்க திரும்பிப் போறோம்."

இசக்கிப்பாண்டி அவர் காலில் விழாத குறை. "இன்னும் ஒரு மணி நேரம் மட்டும் பொறுங்க, ஆத்தா."

நாலே முக்காலுக்கு மட்டம் நாற்பத்தொன்பது அடியைத் தாண்டியது. ரெஜினா அலறியடித்துக்கொண்டு உத்தரவு போட்டார். ஷட்டர்கள் முழுக்கத் திறந்தன, தரைப்பாலம் முழுகியது. திட்டில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. அணையில் ஐம்பது அடித் தண்ணீரும் நின்றது.

விசாரணை வந்தது. விசாரணைத் தாளில் 'தவறியவர் பெயர்' என்று ஒரு கட்டம், ஒரு பெயருக்குத்தான் இடம். 'நான் கணக்கைச் சரியாகப் போட்டேன்' என்றார் கிருபாகரன். 'நான் கணக்கை நம்பி, வாக்குக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தேன்' என்றார் ரெஜினா. 'நான் உள்ளதைத்தான் அளந்து சொன்னேன்' என்றார் இசக்கிப்பாண்டி. மூவரில் விதியை மீறியது அவர் ஒருவர்தான். அவர் பெயர் ஏறினால் நிரந்தர ஆணை போயே போய்விடும்.

மூவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நடுவில் ஒரு நாள் எங்கே தொலைந்தது? இதில் யார் செய்தது சரி? அந்தக் கட்டத்தில் யார் பெயர் வர வேண்டும்?

*

விடை: காலை எட்டரை மணிக்கே ஒன்பதாம் தேதி மழை முழுவதும் எப்படித் தெரியும்? அணைக்காரர்களுக்கு நாள் எட்டு மணிக்கு முடிகிறது. அதுவரை பெய்ததை அளந்து, அளந்த தேதியில் எழுதுவார்கள். எட்டாம் தேதி மத்தியானம் பெய்தது 'ஒன்பதாம் தேதி மழை' ஆனது இப்படித்தான். கம்ப்யூட்டருக்கு நாள் நடு இரவில் தொடங்குகிறது. கிருபாகரன் தேதி சரியா என்று கேட்டார், அது எந்த மணிக்குத் தொடங்கும் என்று கேட்கவில்லை. ஆனாலும் நனைந்தவர் போனில் சொன்ன பிறகு திரையை நம்பியது ரெஜினாதான். ஊதிய சங்குக்கு மன்னிப்புக் கேட்கலாம், போன உயிருக்கு யாரிடம் கேட்பது? இசக்கிப்பாண்டி செய்ததுதான் சரி. ரெஜினாவுக்கும் அது தெரிந்திருந்தது. விசாரணை அதிகாரியிடமிருந்து தாளை வாங்கி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது. ஒன்பதாம் தேதி முதல் பணியில் சேரலாம் என்று இருந்தது. இசக்கிப்பாண்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு ரெஜினாவிடம் கேட்டாராம்: "இது எங்க ஒன்பதா மேடம், கம்ப்யூட்டர் ஒன்பதா?"