ஒற்றைக்காலில் நின்ற சோம்பேறி

ஒரு காட்டுக் குளத்தில் நெடுங்காலி என்ற நாரை இருந்தது. கரையோர மருத மரத்தில் அதற்கு மூன்று குஞ்சுகள். விடிந்ததும் தண்ணீரில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கும். அசையவே அசையாது. காலடியில் மீன் வந்ததும் ஒரே கொத்து!

ஒரு நாள் விடியலில் பைவாயன் என்ற கூழைக்கடா கடல் கடந்து தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது.

"காலையிலிருந்து பார்க்கிறேன், மரம் மாதிரி நிக்கிறியே. வேலைவெட்டி கிடையாதா?" என்று நெடுங்காலியிடம் கேட்டது.

"இதுதாங்க ஐயா என் வேலை" என்றது நெடுங்காலி.

பைவாயன் வயிறு குலுங்கச் சிரித்தது. "நல்லா இருக்கு கதை! எங்க ஊர்ல சிறகடிச்சு, தண்ணியைக் கலக்கி, மீனை விரட்டிப் பிடிப்போம். அதுதான் உழைப்பு. சரி, அந்தக் கோரைப்பக்கம் ஏன் ஒருத்தரும் போகலை?"

"மீன் முட்டையிடுற காலம்ங்க. மீன்குஞ்சுங்க வளர்ந்து வெளிய வர்ற வரைக்கும் நாங்க யாரும் அங்க அலகு வைக்க மாட்டோம்."

"அப்போ சும்மா கிடக்குற இடம். சும்மா கிடக்குறது யாருக்கும் சொந்தமில்ல. இனிமே அது எங்களுக்கு! உழைக்காதவங்களுக்கு இந்தக் குளத்துலயே இடமில்ல, ஞாபகம் வச்சுக்கோ."

அன்று முழுக்க நெடுங்காலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய அலகு, எவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை, தெரியாமலா சொல்லும்? நாம் உண்மையிலேயே சோம்பேறிதானோ? விரட்டிவிட்டால் குஞ்சுகளோடு எங்கே போவது?

மறுநாள் நெடுங்காலியும் மீனை விரட்டி ஓடியது. அங்கே பாய்ந்தது, இங்கே பாய்ந்தது, தண்ணீரைச் சேறாக்கியது. அதற்கு நீந்தத் துடுப்புக்கால் இல்லை, மீனை அள்ள அலகில் பை இல்லை. ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

"பலே! இப்பதான் முன்னேறுற!" என்றது பைவாயன், வாய் நிறைய மீனோடு.

வயிறு காய்ந்தாலும் அந்தப் பாராட்டு இனிக்கத்தான் செய்தது. வெட்கக்கேடு! அந்த இனிப்பிலேயே மூன்று நாள் ஓடிவிட்டது. நான்காம் நாள் கூட்டுக்குப் போனபோது இரண்டு குஞ்சுகள்தான் வாயைப் பிளந்தன. கடைக்குட்டி தலையைத் தூக்கவே இல்லை.

நெடுங்காலி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நேரே குளத்தில் இறங்கி ஒற்றைக்காலை ஊன்றியது.

"மறுபடியும் பழைய சோம்பேறித்தனமா?" என்று பைவாயன் கத்தியது.

நெடுங்காலி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலும் அசையவில்லை. வெயில் ஏறியபோது ஒரு விரால் வந்தது. அன்று மரத்தில் இரண்டு வாய்கள் நிறைந்தன.

கோரைக்குள் ஒரு மீன்குஞ்சுகூட மிஞ்சாமல் வாரித் தின்ற பிறகு பைவாயனுக்குச் சலித்துவிட்டது. "உருப்படாத குளம், உருப்படாத கூட்டம்!" என்று அங்கிருந்த பறவைகளைத் திட்டிவிட்டுத் தன் ஆட்களோடு பறந்தது. போன இடமெல்லாம் இன்னமும் அப்படித்தான் சொல்லித் திரிகிறதாம்.

அந்த வருடம் நல்ல மழை பெய்தும் குளத்தில் மீன் பெருகவில்லை. நெடுங்காலி தன் இரண்டு குஞ்சுகளுக்கும் முதலில் கற்றுக்கொடுத்தது அசையாமல் நிற்பதைத்தான்.

தன் அளவுகோலால் அடுத்தவர் வாழ்க்கையை அளப்பவன் கேடு செய்கிறான். அந்த அளவை நம்பித் தன் வழியை விடுபவன் அந்தக் கேட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே கூட்டி வருகிறான்.