கிண்ணத்தில் பட்ட மூச்சு

முசிறித் துறைமுகத்துப் பெருவணிகர் சேந்தனார் வீட்டு விருந்தில், பணிப்பெண் கொற்றி யவனக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வாயால் ஊதித் துடைத்ததுதான் தாமதம், அவர் அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

“நான் குடிக்கிற கிண்ணத்தில் உன் மூச்சா? அதை எடுத்துவிடு. இல்லையென்றால் இந்தக் கை போய்விடும்.”

கொற்றி கையை இழுக்காமல் தலை நிமிர்ந்தாள்.

“எடுத்துவிடுகிறேன் ஐயா. எனக்கு முன்னால் ஊதினவர் முதலில் எடுக்கட்டும்.”

“அது யாரடி?” என்று கேட்டுவிட்டு, சேந்தனார் மற்றொரு யவனக் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் மது குடித்தார்.

பந்தியில் இருந்த, அந்தக் கிண்ணங்களைச் செய்த யவனரிடம், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கொற்றி சைகையில் கேட்டாள். தமிழறியாத அந்த மனிதர், பெருமை பொங்க, கையில் இல்லாத குழலை உதட்டில் வைத்துக் கன்னம் உப்ப ஊதிக் காட்டினார்.

சேந்தனார் கிண்ணத்தையும் கொற்றியின் கையையும் ஒருசேர விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.