மாடியில் எழுந்த சுவர்

உட்காருங்கள், சொல்கிறேன். இது சிங்கம் நரி கதை இல்லை. ராஜா காட்டுக்கு வேட்டைக்குப் போன கதையும் இல்லை. ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆப்பிரிக்காவின் வடக்கே, பாலைவனம் தொடங்குகிற இடத்தில் ஒரு நகரம் இருந்தது. அதற்கு அழகான ஒரு பேரும் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக்கொள்ள இன்று அங்கே ஒருத்தரும் இல்லை. அதனால் நானும் சொல்லப்போவதில்லை.

அந்த ஊர் வெயில் இருக்கிறதே, அப்பப்பா! அதற்குப் பயந்து வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினார்கள். தெருக்களுக்கும் கூரை போட்டார்கள். கீழே தெருவெல்லாம் இருட்டு, குளிர்ச்சி. மேலே மொட்டைமாடிகள் ஊர் முழுக்க ஒரே தளமாக ஓடின. தெரு ஆண்களுக்கு, மாடி பெண்களுக்கு. அதுதான் ஊர் வழக்கம். பள்ளிவாசல் கோபுரத்தில் ஏறித் தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்வதற்குக்கூடக் கண் தெரியாத ஒருவரைப் பார்த்துத்தான் வைத்தார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் மாடிகள் தெரியுமே, அதனால்.

ஊரில் இரண்டு பேட்டைகள், கிழக்குப் பேட்டை, மேற்குப் பேட்டை. நடுவில் தெருவை மறித்து ஒரு கனத்த கதவு. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இந்தப் பேட்டைத் தலைவனிடம், ஒரு சாவி அந்தப் பேட்டைத் தலைவனிடம். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து திறப்பார்கள், இருட்டினால் சேர்ந்து பூட்டுவார்கள். மாடியில் மட்டும் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. இந்த வீட்டு நெருப்பு அந்த வீட்டு அடுப்புக்குப் போனது. அந்த வீட்டு உப்பு இந்த வீட்டுச் சட்டிக்கு வந்தது. எந்தப் பேட்டையில் பிள்ளை வலி எடுத்தாலும் மப்ரூக்கா மாடி வழியாக ஓடினாள்.

மப்ரூக்கா யார் என்று கேட்பீர்கள். மேற்குப் பேட்டைத் தலைவன் ஷேக் ஸாசியின் மனைவி. ஊருக்கே மருத்துவச்சி. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தாலும் கையை விட்டுத் திருப்பி எடுத்துவிடுவாள். அவளுக்கும் ஸாசிக்கும் ஒரே மகள் ஜோஹ்ரா. அவளைக் கிழக்குப் பேட்டையில் கொடுத்திருந்தார்கள். தூரமெல்லாம் இல்லை. ஸாசியின் வீடு கதவுக்கு இந்தப் பக்கம், ஜோஹ்ரா புகுந்த வீடு கதவுக்கு அந்தப் பக்கம். மாடியில் நின்றால் தாயும் மகளும் ஒரே முறத்தில் கோதுமை புடைக்கலாம். ஜோஹ்ரா அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். பெருநாள் அன்று எந்தப் பேட்டையின் கொட்டு மேளம் முதலில் சதுக்கத்துக்குள் நுழைவது என்று ஒரு முறை உண்டு. ஒரு வருஷம் கிழக்கு, மறு வருஷம் மேற்கு. அந்த வருஷம் இரண்டு கொட்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. நீ முந்தி, நான் முந்தி என்று தள்ளுமுள்ளு. அதில் ஒரு கொட்டு கிழிந்தது. கிழிந்தது ஓர் ஆட்டுத்தோல், அவ்வளவுதான்! அதற்காக இரண்டு பேட்டைத் தலைவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுக்கதவு காலையிலும் திறக்கவில்லை, மாலையிலும் திறக்கவில்லை.

ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. ஷேக் ஸாசி தன் கூடத்தில் பேசியது மறுநாளே கிழக்குப் பேட்டைக்குத் தெரிந்தது. எப்படிப் போயிற்று என்று அவனுக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. மாடியின் குறுக்கே, பேட்டை எல்லை நெடுக, ஏணி போட்டாலும் எட்டாத உயரத்துக்குச் சுவர் எழுப்பு என்று உத்தரவு போட்டான்.

முதலில் மப்ரூக்கா வந்து கேட்டாள். மகளுக்கு மாசம் நெருங்குது, இப்போது வேண்டாமே என்றாள். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டுப் பேட்டை நடத்தச் சொல்கிறாயா என்று அவள் வாயை அடைத்தான்.

இரண்டாவதாக, பாங்கு சொல்லும் ஸுலைமான் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கோபுரத்தில் நின்றால் எனக்கு ஊர் தெரியாது, ஆனால் மாடிகளின் பேச்சும் சிரிப்பும் கேட்கும், இரண்டு பேட்டையும் இன்னும் ஒரே ஊராக இருப்பது அங்கே மட்டும்தான் என்றார். கண் இல்லாதவருக்கு ஊர் விவகாரம் எதற்கு என்று சிரித்து அனுப்பிவிட்டான். அவர் தடி தட்டித் தட்டித் திரும்பிப் போனார்.

பெண்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுக் கொத்தர்களோடு ஸாசியும் மாடி ஏறினான். ஆண் ஏறக்கூடாது என்ற வழக்கம் அன்றைக்கு எங்கே போயிற்றோ, யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு குழைத்தார்கள், கல் அடுக்கினார்கள், அதன்மேல் வெள்ளை பூசி முக்கோணம் முக்கோணமாகக் கோலம் வேறு வரைந்தார்கள். ஸாசிக்கு ரசனை அதிகம். கடைசியில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அந்த இடைவெளிக்கு அப்பால் ஜோஹ்ரா வந்து நின்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"வாப்பா, அடைச்சுக்கோங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு கை நுழையிற அளவுக்கு மட்டும் இடம் விடுங்க. உம்மா கை எனக்கு வேணும்."

மூன்றாவதாகக் கேட்டவள் அவள். கல்லைத் தூக்கிய கொத்தனை ஸாசி கை காட்டி நிறுத்தினான். ஆனால் கொத்தர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளுக்காக இளகினான் என்று நாளைக்குத் தெருவில் சொல்வார்களே! முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல்லை வை என்றான். வைத்தார்கள்.

அப்புறம் சில நாள்தான் ஆயிற்று. உச்சி வெயிலில் ஜோஹ்ராவுக்கு வலி எடுத்தது. கிழக்குப் பேட்டைப் பெண்கள் அவளை மாடிக்குத் தூக்கி வந்து சுவர் ஓரமாகப் படுக்க வைத்தார்கள். தாயின் குரலாவது கேட்கட்டும் என்றுதான். சுவருக்கு இந்தப் பக்கம் மப்ரூக்கா. அங்கிருந்து அவர்கள் சொல்லச் சொல்ல, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்படித் தடவு, அப்படிப் பிடி என்று கத்திக் கத்திச் சொன்னாள். அந்தப் பெண்களும் பாவம், முடிந்ததைச் செய்து பார்த்தார்கள். வாயால் சொல்லி நடக்கிற வேலையா அது? மப்ரூக்கா சுவரை நகத்தால் பிறாண்டினாள். விரலெல்லாம் ரத்தம்.

கோபுரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஸுலைமான் தடியை எறிந்துவிட்டுத் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து ஸாசியிடம் சொன்னார். ஸாசி சாவியை எடுத்துக்கொண்டு நடுக்கதவுக்கு ஓடினான். தன் பூட்டைத் திறந்தான். இன்னொரு பூட்டு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது! கதவை இடித்தான், கெஞ்சினான், மகள் பேரைச் சொல்லி அழுதான். அந்தப் பக்கத்துத் தலைவன், இது ஸாசியின் தந்திரம், கதவைத் திறந்தால் ஆளோடு நுழைவான் என்று சொல்லிவிட்டுச் சாவியை மடியில் வைத்துக்கொண்டான். ஜோஹ்ராவின் புருஷன் அவன் காலில் விழுந்தும் அசையவில்லை.

ஸாசி கடப்பாரையோடு மாடி ஏறினான். தானே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர். நல்ல சுண்ணாம்பு, நல்ல கல், லேசில் விடுமா? இடித்தான், இடித்தான், இடித்தான். வெயில் சாய்ந்தபோது ஒரு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. சரியாக ஒரு கை நுழையும் ஓட்டை.

மப்ரூக்கா கையை விட்டாள். மகளின் கை கிடைத்தது. பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை. குழந்தையும் பிறக்கவில்லை.

அந்தக் கையை விடாமலே அவள் ஸாசியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "அவ இதைத்தானே கேட்டா."

அதற்குப் பிறகு அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவரை இடித்துத் தள்ளுவார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படிச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். ஸாசி இடிக்கலாம் என்றான். யார் கேட்டார்கள்? நீ சுவர் கட்டிக் கொன்றாய் என்றது கிழக்கு. நீ சாவி தராமல் கொன்றாய் என்றது மேற்கு. சுவரை இன்னும் உயர்த்தினார்கள். ஊருக்கு நீர் கொடுத்த ஒரே ஊற்றை இரண்டு பேட்டையும் சேர்ந்துதான் தூர் வாரவேண்டும், அதுவும் பழைய வழக்கம். சேரவில்லை. மணல் மூடியது. ஈச்சை மரங்கள் காய்ந்தன. ஒவ்வொரு குடும்பமாக ஒட்டகத்தில் மூட்டை கட்டிப் போய்விட்டது. கடைசியில் பாங்கு சொன்னால் கேட்க ஆள் இல்லை என்று ஸுலைமானும் போய்விட்டார்.

இப்போது அங்கே ஊர் பார்க்கிறவர்கள் வருகிறார்கள். காலியான மாடிகளில் நடக்கிறார்கள். அந்தச் சுவரைத் தடவி, முக்கோணக் கோலத்தைப் பார்த்து, என்ன வேலைப்பாடு என்று வியக்கிறார்கள். நடுவில் இருக்கிற ஓட்டையைக் காட்டி, காற்று வருவதற்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எவ்வளவு புத்திசாலிகள் என்கிறார்கள்.

சிறுசுகளே, பெரியவர்களே, கேட்டதற்கு இதைக் கொண்டுபோங்கள்: வீம்புக்காக அடுத்தவன் வழியை அடைக்கிறவன், தன் வீட்டு உயிருக்கு உதவி வருகிற வழியைத்தான் அடைக்கிறான்.