யார் தலைக்கு மேல்

வெள்ளத்தாய்க்குச் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனது. கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருந்தாள். தன்னால் ஏற முடியாத மலைகளை மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில், ட்ரோன் ஓட்டும் உரிமத்துக்காகப் பயிற்சியில் சேர்ந்தாள்.

தேர்வு நாளன்று காற்று பேயாய் வீசியது. தேர்வு வைக்க வந்த அதிகாரி சிகாமணி அவளுடைய ஊன்றுகோலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"தரையில நிக்கவே தடுமாறுற. உனக்கு எதுக்கு வானம்?" என்றவர், பக்கத்துப் பள்ளி மைதானத்தைக் காட்டினார். அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "அவங்க தலைக்கு மேல ஓட்டிட்டு வா. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

ஆட்களுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது முதல் நாள் பாடம். ஓட்டினாலும் தோல்வி, மறுத்தாலும் தோல்வி.

"ஓட்டுறேன் சார்," என்றாள் வெள்ளத்தாய். "நீங்க போய் அந்தப் பிள்ளைங்க நடுவுல நில்லுங்க. உங்க தலைக்கு நேர் மேல நிறுத்திக் காட்டுறேன்."

"இந்தக் காத்துலயா? விழுந்தா என் மண்டை என்ன ஆகுறது?" என்று பதறினார் அவர்.

அவள் ரிமோட்டை மேசைமேல் வைத்தாள்.

"அதையேதான் சார் நானும் யோசிச்சேன்."

அன்றைய தேர்வு தள்ளிப்போனது. மறுவாரம் காற்று அடங்கியிருந்தது. சிகாமணி தானே சுவரோரம் போய் மைதானத்தை எட்டிப் பார்த்தார்.

"யாருமில்ல. ஓட்டுங்கம்மா," என்றார்.

அவள் ஓட்டினாள். உரிமமும் வாங்கினாள்.