வரிசையைத் தொலைத்த கருமணல்

மணலுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், குமரிக் கடலோரத்துக் கருமணலுக்குள் தோரியக் குடியார் வாழ்ந்தார்கள். அணுவின் நட்டநடுவில் இருக்கும் கருதான் அவர்களுக்கு வீடு. ஒரு பொடி மணலுக்குள் கோடானுகோடி வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இருநூற்று முப்பத்திரண்டு பேர். கேட்கும் நமக்கே மூச்சு முட்டுகிறது, இருந்தவர்கள் பாட்டைச் சொல்லவா வேண்டும்.

அவர்களில் தொண்ணூறு பேர் புரோட்டான்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள், சதா தள்ளுமுள்ளு. மீதிப் பேர் நியூட்ரான்கள். யாரோடும் பகையில்லாமல் நடுவில் நின்று, பக்கத்தில் இருப்பவர் கையை இறுகப் பிடித்து வீட்டைக் காப்பவர்கள். சங்கடம் என்னவென்றால், பிடிக்கிற கை பக்கத்து ஆள் வரைதான் எட்டும். பகையோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை எட்டும். சின்ன வீட்டுக்காரரான இரும்புக் குடியார் நிம்மதியாகக் கிடந்தார்கள். தோரியக் குடியாருக்கு ஒரு கணமும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் நால்வராகச் சேர்ந்துகொண்டு, வெளியே போகிறோம் என்று எந்நேரமும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் யாரும் கதவைத் திறக்கவில்லை. நாலு பேர் போய்விட்டால் குடிப்பெயரே மாறிவிடும். தோரிய வீடு ரேடிய வீடாகிவிடும், பழைய உறவு அற்றுப்போகும்.

பூமிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நால்வர் பாய்ந்து ஒரு வீடு உடைந்தால் சூடு கிளம்பும். எல்லா வீடும் ஒரே நாளில் உடைந்தால் அவள் வெந்துபோவாள். ஒன்றுமே உடையாவிட்டால் வயிற்றுச் சூடு ஆறி உறைந்துபோவாள். ஆகவே ஓர் ஓலையில் வரிசை எழுதி, இன்ன வீடு இன்ன நாளில் என்று எல்லார் முன்னும் படித்தாள். முதல் பெயர் இசக்கியம்மை வீடு, நாளைக் காலை. கடைசிப் பெயர் அவள் அண்ணன் தாணுவின் வீடு. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள்.

அன்றைய பகல் யாருக்கும் பகலாக இல்லை. நாள் நெருங்கியவர்களுக்குக் கால் தரிக்கவில்லை. நாள் தள்ளி இருந்தவர்கள், இன்னும் எத்தனை, இன்னும் எத்தனை என்று விரல் மடக்கியே ஓய்ந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இசக்கியம்மையின் முகத்தைப் பார்க்காமல் ஓலையையே பார்த்தார்கள். தாணு பூமியிடம் போய், தங்கச்சிக்குப் பதிலாகத் தான் போவதாகக் கெஞ்சினான். எழுதியதை மாற்ற முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் இசக்கியம்மை எழுந்து வந்தாள். பூமியின் கையிலிருந்த ஓலையை வெடுக்கென்று பறித்துக் கடலில் எறிந்தாள். அலை அதைக் கொண்டுபோய்விட்டது.

"என்ன காரியம் செஞ்சிட்ட? இனி யாரை எப்போ கூப்பிட?" என்றாள் பூமி.

"யாரையும் கூப்பிடாண்டாம். நாள் தெரிஞ்ச பிறவு ஒரு நிமிசம் இருக்க முடியலம்மா. வீட்டுக்கு ஒரு குவியல் சோழி குடு. உருட்டிக்கிட்டே இருக்கோம். அத்தனை சோழியும் வாய் மேல பாத்து விழுந்தா, அந்த வீடு போட்டும்."

"பிறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது. அடுத்தது யாருன்னு எனக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாண்டாம்," என்றாள் இசக்கியம்மை.

பூமி சோழிகளைப் பங்கிட்டுக் கொடுத்தாள். முதல் உருட்டு. கடற்கரை முழுக்கச் சடசடவென்று சத்தம். இசக்கியம்மைக்குப் பாதி கவிழ்ந்து விழுந்தன. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தாணுவின் சோழிகள் அத்தனையும் வாய் பிளந்து கிடந்தன.

நால்வர் சுவரைத் தாண்டிப் பாய்ந்தார்கள். அந்தச் சூட்டில் மணல் கனன்றது.

"அண்ணே," என்று கூப்பிட்டாள் அவள்.

ரேடிய வீடாகிவிட்ட தாணுவின் வீட்டிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. ஓலை இருந்திருந்தால் அவன் கடைசி வரை அவனாகவே இருந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அவனோ அதன் பிறகு பெயர் மேல் பெயர் மாறி, கடைசியில் காரீயமாகிப் பேச்சு மூச்சில்லாமல் அடங்கினான்.

இசக்கியம்மை உருட்டிக்கொண்டே இருந்தாள். கோடிக்கணக்கான வருஷம் கழித்து, பொறுக்க முடியாமல் பூமியிடம் போனாள்.

"இத்தனை காலம் காத்துக் கெடந்துட்டேன். இனியாவது என் முறை சீக்கிரம் வருமாம்மா?"

"நீ காத்துக் கெடந்தது சோழிக்குத் தெரியாதே மக்கா," என்றாள் பூமி.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. தோரியத்தில் பாதி கரைய ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு என்று சொல்லிவிடலாம், அடுத்தது எந்த வீடு என்று சொல்ல ஆளில்லை. ஆதியிலிருந்து காத்திருக்கும் வீட்டுக்கும், நேற்று உண்டான வீட்டுக்கும், இந்த நிமிஷத்து உருட்டு ஒன்றேதான்.