எல்லாருக்கும் ஒரு அலர்ட்

“இந்த விலை அலர்ட்டுகளைச் சுலபமா கவனிக்க ஒரு வழி சொல்லுங்க, தோழர். என்னால முடியலை.”

சூசைமாணிக்கம் போனை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

தோழர் சண்முகவடிவு நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கத்தின் பழைய பதாகையைக் கிழித்துக்கொண்டிருந்தார். தரை துடைக்கத் துணி வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் இதே சங்க அறையில் அவர் வகுப்பெடுத்தார். கூலி என்றால் என்ன, லாபம் எங்கிருந்து வருகிறது என்று. அவரைவிட வயதில் மூத்த சூசைமாணிக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு மில்லை மூடினார்கள். லாபம் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தானாகவே புரிந்தது. வகுப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மில் கொடுத்த கடைசிப் பணத்தில் கொஞ்சத்தை ஒன்றாகப் போட்டு, தொழிலாளர்கள் பங்குகள் வாங்கினார்கள். முதலாளி ஒழிக என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், முதலாளிகளின் கம்பெனிகளில் பங்குதாரர்கள் ஆனார்கள். வங்கி வட்டி மருந்துக்கே போதவில்லை.

கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சூசைமாணிக்கத்துக்கு.

“என்ன ஆச்சு?” என்றார் சண்முகவடிவு.

“போன மாசம் சிமெண்ட் பங்கு விழுந்துடுச்சு. இந்த விலைக்கு இறங்கினா வித்துடணும்னு பொதுக்குழுவில முடிவு பண்ணியிருந்தோம். அந்த விலை வந்ததும் போன்ல அலர்ட் அடிச்சிருக்கு. நான் கவனிக்கலை.”

“தூங்கிட்டீங்களா?”

“முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுதான் கேவலம்.”

சண்முகவடிவு பதாகையைத் திருப்பிப் பிடித்தார்.

“ஞாயித்துக்கிழமை கூட்டம். கணக்கைத் தரகர்கிட்ட ஒப்படைச்சிடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. அவன் வாங்கினா கமிஷன், வித்தா கமிஷன்னு உரிச்சிடுவான். மிச்சம் இருக்கறதும் போயிடும்.”

போன் ஒலித்தது. அவர் அதை எடுத்து நீட்டினார்.

“பாருங்க. எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டேன். விழுந்தா சிவப்பு, ஏறினா பச்சை. கம்பெனிக்கு ஒரு சத்தம். இன்னும் நல்லா அடுக்கணுமா?”

“பந்தல் ஞாபகம் இருக்கா?”

இருந்தது. வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் போட்ட பந்தல். அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதைச் சுத்தியலால் அடித்தால், சோற்றில் கை வைத்தவனும் அப்படியே எழுந்து நிற்க வேண்டும். அது சங்கத்தின் விதி.

“அதே மாதிரி, இது அடிக்கறப்பெல்லாம் எந்திரிச்சு நில்லுங்க.”

“இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?”

“ஆமா.”

போன் ஒலித்தது. சூசைமாணிக்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எதுக்கு அடிக்குது?”

“பெயிண்ட் கம்பெனி ஏறியிருக்கு. ஆவுடையப்பன் வைக்கச் சொன்னது.”

“ஏறினா நீங்க என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அவன் சந்தோஷப்படுவான்.”

“உட்காருங்க.”

உட்கார்ந்தார். மறுபடி ஒலித்தது. எழுந்தார்.

“இது?”

“பேச்சிமுத்து. அவன் மச்சானும் தனியா இதே பங்கை வெச்சிருக்கான். மச்சானுக்கு நஷ்டம் வந்தா உடனே தெரியணுமாம்.”

“நம்ம கணக்குக்கும் நஷ்டம்தானே?”

“அதைப் பத்தி அவன் கவலைப்படலை.”

சண்முகவடிவு இன்னொரு துண்டு கிழித்தார்.

“யார் இப்படி வைக்கச் சொன்னது?”

“பொதுக்குழு. உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் அவரவர் கேட்ட விலையில அலர்ட் வைக்க உரிமை உண்டுன்னு தீர்மானம். ஏகமனதா நிறைவேறுச்சு.”

“முன்மொழிஞ்சது?”

“நான்தான்.”

போன் ஒலித்தது.

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி மேசைக்கு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒலித்தபோது பாதி எழுந்தார். அதற்குப் பிறகு கையை மட்டும் தூக்கினார்.

பிறகு ஒலித்தபோது அசையவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“என்னன்னு பாருங்க,” என்றார் சண்முகவடிவு.

“பார்த்து என்ன ஆகப்போகுது?”

“பாருங்க.”

பார்த்தார். பம்ப் கம்பெனி. விற்றுவிட வேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்திருந்த விலை. விலை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் விரல் விற்கும் பொத்தானைத் தேடியது. தவறான இடத்தைத் தொட்டது. மறுபடி தொட்டது.

விற்றாயிற்று.

அவர் போனை மேசையில் வைத்தார்.

“நான் எந்திரிக்கலை,” என்றார் சூசைமாணிக்கம்.

“பார்த்தேன்.”

“நீங்க இல்லாட்டி இதுவும் போயிருக்கும்.”

சண்முகவடிவு துணிகளை மடித்து அடுக்கினார்.

“பந்தல்ல சுத்தியல் யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்ட.”

“எனக்கும் ஒருவாட்டி அடிக்கக் குடுன்னு யாரும் கேட்டதில்லையா?”

“கேட்காதவன் யாரு? பொழுது போகலைன்னு கேட்டாங்க. பயமா இருக்குன்னு கேட்டாங்க. இந்த ஆவுடையப்பன் தினமும் வந்து நிப்பான்.”

“குடுத்தீங்களா?”

“எப்படிக் குடுக்கறது? போலீஸ் வேன் வந்தாத்தான் அடிக்கணும். சுத்தியலைத் தலைக்கு வெச்சுத்தானே படுப்பேன்.”

சொல்லிவிட்டு, போனைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை என்னை உரிமையைப் பறிச்சவன்னு சொல்வாங்க, தோழர்.”

“சொல்வாங்க.”

“நீங்க வந்து எனக்காகப் பேசுவீங்களா?”

“எனக்குத் தரை துடைக்கற வேலை இருக்கு.”

போன் ஒலித்தது.

அவர் எழுந்து நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விற்க வேண்டிய விலைகளை விட்டுவிட்டு மற்ற அலர்ட்டுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.

முதலில் போனது ஆவுடையப்பனின் சந்தோஷம்.