புழுவுக்கு ஒரு இடமாற்றம்

அந்த அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில வீட்டுக்கு ஒரு பாத்தி. பூச்சிமருந்து அடிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டதே சங்கத் தலைவர் தணிகாசலம்தான். அவரோட கத்திரிக்காய் கண்ணாடியா மின்னும். வாடகைக்கு இருக்கிற முபீனாவோட கத்திரிச் செடியில ஒரே புழு.

"புழு வளர்க்கவா பாத்தி கொடுத்தோம்? நாளைக்கு ஒரு புழுவப் பாத்தாலும் பாத்தியப் பிடுங்கிடுவேன்!"னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. தலைவர்னா வாய் இல்லாமலா?

"நாளைக்கு எதுக்கு சார்? இப்பவே காலி பண்றேன்."

முபீனா புழுவையெல்லாம் இலையோட கிள்ளி எடுத்துட்டு நேரா அவர் பாத்திக்கு நடந்தா. "உங்களுதும் மருந்தில்லாத செடிதானே? இங்கயே சாப்பிட்டுச் சந்தோஷமா இருக்கட்டும்."

தலைவர் சம்சாரம் பதறிப்போய் குறுக்க வந்தாங்க. "அங்க விடாதம்மா, பாவம் செத்துடும்! காலையிலதான் இவரு மருந்தடிச்சாரு!"

மாடியே சிரிச்சுது. தலைவர் தலையச் சொறிஞ்சாரு. "சரிம்மா, பாத்தி உனக்குத்தான். உன் கத்திரிக்காய்ல நாலு எங்களுக்கும் குடேன். நான் வளர்த்தத இவ சமைக்கவே மாட்டேங்கறா."